நான்காவது டிராக்

8 செப்டம்பர் 2025, திங்கள்

பிரஷர் 146/88. டாக்டர் தினமும் குறிக்கச் சொன்னதற்காக வாங்கிய நோட்டு இது. வெறும் எண்ணாக எழுதுவது அலுத்துப்போய், ஜூலையிலிருந்து பக்கத்தில் இரண்டு வரி சேர்த்து எழுதுகிறேன். இன்று இரண்டு வரியில் முடியாது போலிருக்கிறது.

பதினொரு மணிக்கு ஒரு போன்.

“ஞானமுத்து அங்கிளா? நான் நிரஞ்சனா பேசுறேன். கோமளா கேசட்ஸ் ஓனர் ராஜகோபாலோட பேத்தி.”

கோமளா கேசட்ஸில் பத்தொன்பது வருஷம் ஒலிப்பதிவாளனாக இருந்தேன். கம்பெனி மூடியதும் அதையும் என்னையும் எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். இந்தப் பெண் பழைய கேசட்டுகளை ஒவ்வொன்றாக இன்டர்நெட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறாளாம். வரும் டிசம்பர் 28 அன்று பாடகி குஞ்சரம் அம்மாவின் ‘தூத்துக்குடி நேரடிக் கச்சேரி’க்கு நாற்பது வருஷம் நிறைகிறது.

“தாத்தா வீட்டுப் பரண்ல ஒரிஜினல் ஸ்பூல் டேப் கிடைச்சுது அங்கிள். நாலு டிராக்கும் மும்பைல கொடுத்து டிஜிட்டலா மாத்திட்டேன். அன்னைக்கு ஹால்ல எப்படிக் கேட்டுதோ அப்படியே, ஒரு சொட்டுக் கலப்பில்லாம வெளியிடப்போறேன். நீங்க ஒரு பக்கம் எழுதித் தரணும். அந்த ஈவ்னிங் எப்படி இருந்துச்சுன்னு. நம்ம கம்பெனி டீம்ல இப்போ உயிரோட இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்.”

சரி என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த கேசட் ஓடாத வீடு உண்டா? வெளிநாட்டில் இருப்பவர்கள்கூட அதைக் கேட்டால் நம் ஊர் சபாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று கடிதம் போடுவார்கள்.

“அப்புறம் அங்கிள், பாளையங்கோட்டையிலேருந்து ஒரு அம்மா மூணு மெயில் போட்டிருக்காங்க. அன்னைக்கு வயலின் வாசிச்சது எங்க அப்பா ஆவுடையப்பன், ஆனா கவர்ல ரகோத்தமன்னு போட்டிருக்குன்னு. அப்படியா?”

“அது பழைய விஷயம்மா. பார்த்துச் சொல்றேன். தண்ணி லாரி வந்துடுச்சு, வைக்கிறேன்.”

லாரி நான்கு மணிக்குத்தான் வந்தது.

10 செப்டம்பர், புதன்

பிரஷர் 142/86. கூரியரில் பென் டிரைவ் வந்தது. மகள் ஷீபா பெங்களூரிலிருந்து போன வருஷம் வாங்கி அனுப்பிய ஹெட்போனைத் தேடி எடுத்தேன். மனைவி சலோமி அதை ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

நான்கு கோப்புகள். முதல் டிராக் பாட்டு. இரண்டாவது வயலின். மூன்றாவது மிருதங்கம். நான்காவது கூட்டத்துக்காக மண்டபத்தின் நடுவில் கூரையிலிருந்து தொங்கவிட்ட மைக்.

முதல் டிராக்கை மட்டும் கேட்டேன். குஞ்சரம் அம்மா தொண்டையைக் கனைக்கிறார். “என்னய்யா, ஆச்சா?” என்று கேட்கிறார். என்னைத்தான். மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் மறைப்புக்குள் மெஷினோடு உட்கார்ந்திருந்த நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. அம்மா போய்ப் பதினாறு வருஷமாகிறது. காதுக்குள் அந்த “என்னய்யா” அப்படியே இருந்தது. அதையே நான்கு முறை கேட்டேன்.

அந்தப் பயணம் முழுவதும் நினைவுக்கு வருகிறது. முதல் நாள் மதுரையில் தங்கினோம். விடிந்ததும் வேனில் கிளம்பினோம். அம்மா முன் சீட்டில். பின்னால் நான், மிருதங்கம் சீதாபதி, வயலின் ஆவுடையப்பன். ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் மேட்ச் நடந்துகொண்டிருந்தது. என் பாக்கெட் டிரான்சிஸ்டரைச் சுற்றி மூன்று தலைகள். ஆவுடையப்பனுக்கு கிரிக்கெட் புரியாது. “யாரு ஜெயிக்கா?” என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்பார். “அண்ணே, இது அஞ்சு நாள் ஆட்டம்” என்றால், “அஞ்சு நாளா? நமக்கு மூணு மணி நேரத்துக்கே மூட்டு வலிக்கி” என்பார். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கி எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார். சலோமி மாசமாக இருக்கிறாள் என்று சொன்னதும் இன்னொரு பொட்டலம்.

11 செப்டம்பர், வியாழன்

சலோமிக்கு முழங்கால் வலி. தைலம் வாங்கப் போனேன். ஹெட்போனை எடுக்கவில்லை.

15 செப்டம்பர், திங்கள்

பிரஷர் 150/92. உப்பு கூடிவிட்டது என்று சலோமி என்னைத் திட்டுகிறாள், சமைப்பது அவள்.

இரண்டாவது டிராக்கைக் கேட்டேன். வர்ணம், பிறகு முதல் இரண்டு பாட்டுகள் தெளிவாக இருக்கின்றன. இருபத்திரண்டாம் நிமிஷத்தில் வயலின் கம்ம ஆரம்பிக்கிறது. தகரத்தில் உரசுவது போல ஆகி, இருபத்தைந்தில் வெறும் இரைச்சல்தான் மிச்சம். அதற்குப் பிறகு இரண்டே கால் மணி நேரம் ஒன்றும் இல்லை.

அந்தக் காலத்து மைக்குகள் அப்படித்தான். கடற்கரை ஊர், உப்புக் காற்று. யாரைச் சொல்ல முடியும்?

17 செப்டம்பர், புதன்

நிரஞ்சனாவுக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். ‘அன்று உப்பு வியாபாரிகள் சங்க மண்டபம் நிரம்பி வழிந்தது’ என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். அந்தப் பெண் ‘ஒரு சொட்டுக் கலப்பில்லாமல்’ என்கிறாள். எழுதுவதற்கு முன் உண்மையை எனக்கு நானே ஒழுங்காக எழுதிக்கொள்வது நல்லது.

கேசட்டில் நீங்கள் கேட்கும் கைதட்டல் தூத்துக்குடிக் கைதட்டல் இல்லை. அது சென்னையில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பதிவு செய்தது. தூத்துக்குடியில் வந்தது சுமார் நூற்று நாற்பது பேர். அவர்கள் தட்டியது நான்காவது டிராக்கில் அப்பளம் நொறுங்குவது போலத்தான் கேட்கும். ராகம் முடியும் இடத்தில் ஒருவர் “பலே!” என்பாரே, எல்லோரும் ரசித்துச் சொல்லும் அந்த “பலே”, அது எங்கள் ஸ்டூடியோ கணக்கர் சுப்பராமன். மூன்றாவது டேக்கில் சரியாக வந்தது. அம்மா இரண்டு இடத்தில் வரியை மறந்தார். அதை ஜனவரியில் ஸ்டூடியோவில் மீண்டும் பாடி ஒட்டினோம். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் பாதியாக வெட்டப்பட்டது. கச்சேரி நடுவில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது, அதையும் வெட்டினோம்.

இதெல்லாம் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. எல்லாக் கம்பெனியிலும் செய்தார்கள். மண்டபத்தில் உட்கார்ந்தவனுக்குக் கண்ணும் இருக்கிறது. வீட்டில் கேட்பவனுக்குக் காது மட்டும்தான். அவனுக்கு எடுபட வேண்டுமென்றால் கொஞ்சம் கூட்டிக் குறைக்கத்தான் வேண்டும்.

இதை சலோமியிடம் வாசித்துக் காட்டினேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“எல்லாம் சொல்லிட்டீங்க. வயலின்?”

“வயலின் டிராக் கெட்டுப்போச்சு. ரகோத்தமனை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டு முழுசையும் திரும்ப வாசிக்க வச்சோம்.”

“வாசிச்சவரையே கூப்பிட்டிருக்கலாமே?”

“அது மேனேஜர் முடிவு.”

“அந்த மனுசன்தானே கடலை மிட்டாய் கொடுத்து விட்டது? நான் பொட்டலத்தோட ஒரே நாள்ல தின்னு தீர்த்தேன்.” நறுக்குவதை நிறுத்தினாள். “அப்புறம் அவரு என்ன ஆனாரு?”

மோட்டார் போட நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.

20 செப்டம்பர், சனி

பிரஷர் பார்க்கவில்லை.

இன்று நான்காவது டிராக். நாற்பது வருஷமாக யாரும் கேட்காதது. கைதட்டலுக்காக மட்டும் வைத்த மைக் அது. கைதட்டல் போதவில்லை என்றதும் ஒதுக்கிவிட்டோம்.

மின்விசிறிச் சத்தம். நாற்காலி இழுபடுகிறது. யாரோ ஒரு குழந்தையை “சும்மா இரி” என்று அதட்டுகிறார்கள். அதற்கெல்லாம் அப்பால், மேடை தூரத்தில் இருக்கிறது. பாட்டும் மிருதங்கமும் வயலினும் ஒன்றாகக் கலந்து, மண்டபத்தின் சுவரில் பட்டு வருகின்றன. முதலில் ஏமாற்றமாக இருந்தது. பத்து நிமிஷத்தில் காது பழகிவிட்டது. பழகியதும் கண்ணை மூடினேன். அங்கே போய்விட்டேன். தார்ப்பாய் வாசனைகூட வந்தது.

ஒரு மணி எட்டாவது நிமிஷம். அம்மா காம்போதி ராகத்தைப் பாடி முடித்து, வயலினுக்கு விடுகிறார். ஆவுடையப்பன் ஆரம்பிக்கிறார். அவசரமே இல்லை. கீழேயிருந்து மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும்போது துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது. நீளமாக, அடித்தொண்டையில். கூட்டத்தில் சிரிப்பு. வேறு யாராக இருந்தாலும் நிறுத்திக் காத்திருப்பார்கள். இவர் நிறுத்தவில்லை. கப்பல் ஊதிய சுரம் பஞ்சமத்துக்குக் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. வயலின் அந்தத் தாழ்ந்த சுரத்துக்கே இறங்கிப் போய், அதோடு கூட ஒரு கணம் நின்று, பிறகு அதை மெல்ல இழுத்துப் பஞ்சமத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. கப்பல் ஓய்கிறது. வயலின் அங்கிருந்தே ராகத்தைத் தொடர்கிறது.

அப்புறம் அந்த நூற்று நாற்பது பேரும் தட்டிய தட்டல் இருக்கிறதே, மைக் தாங்காமல் இரைகிறது. அம்மா மைக்கில்லாமல் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். “ஆவுடையப்பா, கப்பலுக்கும் சேர்த்து வாசிப்பியா!” என்று எனக்குக் கேட்கிறது.

இதைத்தான் வெட்டினோம்.

21 செப்டம்பர், ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. தலைசுற்றல் என்று சலோமியிடம் சொன்னேன்.

24 செப்டம்பர், புதன்

பிரஷர் 158/94.

எழுதிவிடுகிறேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

வயலின் மைக்குக்கு உள்ளே ஒரு பென்சில் பேட்டரி உண்டு. கச்சேரிக்குக் கச்சேரி புதிது மாற்ற வேண்டும். கம்பெனி இரண்டு புது பேட்டரி கொடுத்து அனுப்பியது. மதுரையிலிருந்து கிளம்பும்போது என் டிரான்சிஸ்டரில் பேட்டரி இறங்கியிருந்தது. புதியது இரண்டையும் எடுத்து அதில் போட்டேன். தூத்துக்குடியில் இறங்கியதும் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வழியில் வேன் பழுதாகி, மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. ஆறுக்குக் கச்சேரி. வயர் இழுக்கவே நேரம் சரியாக இருந்தது. மைக்கில் ஏற்கெனவே இருந்த பழைய பேட்டரியிலேயே, மெஷினில் ஒலி அளவு காட்டும் முள் நன்றாக அசைந்தது. போதும் என்று விட்டுவிட்டேன்.

இருபத்திரண்டாம் நிமிஷத்தில் முள் விழுந்ததை நான் பார்த்தேன். நடுக் கச்சேரியில் மேடைக்குப் போனால் குஞ்சரம் அம்மா விட்டுவைக்க மாட்டார். போகவில்லை. பையில் டிரான்சிஸ்டர் இருந்தது. அதன் பேட்டரியைக் கழற்றி, தனி ஆவர்த்தனத்தின்போது குனிந்துபோய் மாற்றியிருக்கலாம். நினைத்தேன். செய்யவில்லை.

சென்னையில் மேனேஜர் மாத்ருபூதம் கூப்பிட்டுக் கேட்டார். அவர் பேட்டரி விஷயத்தில் ஏற்கெனவே ஒருவனை வேலையை விட்டுத் தூக்கியவர். சலோமிக்கு அப்போது ஆறாம் மாசம்.

“வயலின் ஏன்யா இல்ல?”

“சார், வயலின் அன்னைக்குச் சேரலை. சுருதி விலகிக்கிட்டே இருந்துச்சு. அதான் குறைச்சு வச்சேன்.”

இவ்வளவுதான் சொன்னேன். அவர் டேப்பை வாங்கிக் கேட்டுப் பார்க்கவில்லை. “பாளையங்கோட்டைக்காரனை எல்லாம் போட்டா இப்படித்தான்” என்றார். ரகோத்தமனைக் கூப்பிட்டார்கள். அவருக்கும் இதே காரணம்தான் சொல்லப்பட்டது. அவர் வாசித்ததில் குறையில்லை. பாவம், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒரு மண்டபத்தில் இருப்பது போல நடித்துக்கொண்டு, அழகாகவே வாசித்தார்.

குஞ்சரம் அம்மா மட்டும் ஒருநாள் கேட்டார். “ஆவுடையப்பன் நன்னாத்தானே வாசிச்சான்? எனக்குக் காது போயிடுத்தா?” நான் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

‘சேரலை’ என்ற அந்த வார்த்தை சபா சபாவாகப் போயிற்று. அதற்குப் பிறகு சென்னையில் ஆவுடையப்பன் வாசித்து நான் பார்க்கவில்லை.

25 செப்டம்பர், வியாழன்

நேற்று எழுதியதை சலோமி படித்துவிட்டாள். நோட்டை நான்தான் மேஜைமேல் திறந்து வைத்திருந்தேன். வேண்டுமென்று வைத்தேனா என்று தெரியவில்லை.

காபி கொண்டுவந்து வைத்தாள். “நெல்லை எக்ஸ்பிரஸ்ல சீட்டு கிடைக்குமான்னு பாருங்க” என்றாள். இரவு தனியாக ஜெபம் பண்ணினாள்.

7 அக்டோபர், செவ்வாய். பாளையங்கோட்டை

நிரஞ்சனாவிடம் அந்த அம்மாவின் நம்பர் வாங்கினேன். காந்திமதி என்று பெயர். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கச்சேரியைப் பதிவு செய்தவன் நான் என்றும், அவருடைய அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றும் மட்டும் சொன்னேன். “அப்பா உயிரோட இருக்காங்களா?” என்று கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார்: “அப்பாவுக்கு எம்பத்திமூணு. காது நல்லா கேக்கும். வாங்க.”

சமாதானபுரத்தில் மாடி வீடு. ஆவுடையப்பன் வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. விரல்கள் மட்டும் அப்படியே நீளமாக இருந்தன.

“யாரு, ஞானமுத்தா? ரேடியோ வச்சிருந்த பையன்லா!” என்றார்.

நாற்பது வருஷத்துக்குப் பிறகு என்னை அவர் அதை வைத்துத்தான் நினைவு வைத்திருந்தார். நான் உட்காரவில்லை. காந்திமதி இரண்டாம் முறை சொன்ன பிறகு உட்கார்ந்தேன்.

பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டார். அன்று வயிற்றில் இருந்த பிள்ளை. “பொண்ணு. நாற்பதாகப் போகுது, பெங்களூர்ல இருக்கா” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு அவரே பேச்சை எடுத்தார்.

“பாப்பா என்னமோ மெயில் கியில்லாம் போட்டுருக்கா. நான் வேண்டாம்னேன். நடந்தது நடந்துபோச்சு. தப்பு நம்ம பேர்ல இருக்கும்போது எதுக்கு எழுதணும்?”

“என்ன தப்பு?” என்று கேட்டேன்.

“கப்பலு ஊதிச்சே, ஞாபகம் இருக்கா? நான் விளையாட்டா அதுகூடப் போயிட்டேன். ரெக்கார்டிங் நடக்குங்க நெனப்பே இல்ல. சுருதியில இல்லாத சத்தத்துக்குக் கையக் கொண்டுபோனா, அப்புறம் கை எப்படிச் சரியா நிக்கும்? அதுல இருந்து விலகியிருக்கும். எனக்குத் தெரியல, கேட்டவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் சேரலைன்னுட்டாவ.”

நான் பையிலிருந்து ஷீபாவின் பழைய லேப்டாப்பை எடுத்தேன். காந்திமதி ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டார். ஒரு மணி ஐந்தாவது நிமிஷத்திலிருந்து போட்டேன்.

அவர் கேட்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கி, விடைத்தாள் திருத்துகிறவர் போலக் கேட்டார். கப்பல் ஊதியிருக்க வேண்டும். இடது கை விரல் ஒன்று மடியில் லேசாக நகர்ந்தது. ராகம் முடிந்தது. பாட்டு முடிந்தது. நாற்பது நிமிஷம். கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

“எங்க?” என்றார்.

“என்னண்ணே?”

“எங்க விலகுது? எனக்குக் கேக்க மாட்டேங்கி. இன்னொரு தரம் போடுங்க.”

இன்னொரு தரம் போட்டேன். மறுபடி நாற்பது நிமிஷம். யாரும் எழுந்திருக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தும் காந்திமதி அசையவில்லை.

“எங்கவே விலகுது?” என்று மறுபடியும் கேட்டார். குரல் உயர்ந்திருந்தது. “எந்த இடம்னு சொல்லுங்க. நாப்பது வருசமா மனசுக்குள்ள அந்த ராகத்த வாசிச்சு வாசிச்சுத் தேடுதேன்.”

“எங்கயும் விலகலை அண்ணே. நான் சொன்ன பொய் அது.”

எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி, டிரான்சிஸ்டர், மேனேஜர். நோட்டில் எழுதியதை விடச் சின்னதாக இருந்தது சொல்லும்போது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. “என்ன வார்த்த சொன்னீங்க? மேனேஜர்ட்ட?”

“வயலின் சேரலைன்னு.”

“வேற?”

“சுருதி விலகிக்கிட்டே இருந்துச்சுன்னு.”

“விலகிக்கிட்டே இருந்துச்சு” என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு மகளிடம், “பாப்பா, சாருக்குக் காப்பி குடு. வெயில்ல வந்துருக்காவ” என்றார். ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

காபியைக் குடித்தேன். குடிக்காமல் வைக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

ஆட்டோ வரை காந்திமதி கூட வந்தார். ஆட்டோக்காரன் வண்டியைத் திருப்பும்போது பேசினார்.

“அந்த கேசட்ட எங்க வீட்ல அப்பா போட விடமாட்டாவ. பஸ்ல போட்டா அடுத்த ஸ்டாப்ல இறங்கிருவாவ. என் கல்யாணத்துல ஸ்பீக்கர்காரன் தெரியாமப் போட்டுட்டான். தாலி கட்டுத நேரம் அப்பா பந்தல்ல இல்ல. தேடிப் பாத்தா பின்னாடி வாழையிலைக் கட்டு பக்கத்துல நிக்காவ.” கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “சங்கரன்கோவில் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியாரா இருந்தாவ. இருபத்திரெண்டு வருசம் ஆர்மோனியம்தான். வயலின எடுக்கல. நீங்க இன்னைக்கு வந்ததுக்கு நன்றி சொல்லணுமா என்னன்னு எனக்குத் தெரியல சார்.”

“வேண்டாம்மா” என்றேன்.

லேப்டாப்பில் ஒரு நகல் இருந்ததால், பென் டிரைவை அவர் கையில் கொடுத்தேன். முழுக் கச்சேரியும் அதில் இருக்கிறது.

8 அக்டோபர், புதன்

ரயிலில் தூக்கம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் சலோமி முகத்தைப் பார்த்துவிட்டு, வெந்நீர் வைத்தாள்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து போன் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தது தவறு.

3 நவம்பர், திங்கள்

பிரஷர் 144/88. கட்டுரையை முடித்து அனுப்பினேன். ஒரு பக்கம்தான் கேட்டாள். மூன்று பக்கம் ஆயிற்று. மாலையில் நிரஞ்சனா நேரிலேயே வந்துவிட்டாள். முப்பத்துநான்கு வயதிருக்கும். தாத்தாவின் மூக்கு.

“அங்கிள், இதைப் போட்டா அந்த ஆல்பமே பொய்னு ஆயிடும். ஜனங்க அதுமேல வச்சிருக்கிற பாசம் என்ன ஆகும்? எங்க அம்மா பிரசவத்துக்குப் போகும்போது அதைக் கேட்டுக்கிட்டேதான் போனாங்களாம்.”

“அந்தப் பாசம் பொய்யில்லம்மா. அம்மா பாடினது நிஜம்தானே.”

“கைதட்டல், ‘பலே’ எல்லாம் எழுதியிருக்கீங்க. அது பரவாயில்ல, சுவாரசியமா இருக்கு. ஆனா வயலின் விஷயம்… உங்க பேரைப் போட்டு, நீங்களே பொய் சொன்னதா. உங்களை நெட்ல கிழிச்சிடுவாங்க. ‘தொழில்நுட்பக் கோளாறு’ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிடலாமே.”

நாற்பது வருஷத்துக்கு முன்னால் எனக்கு யாராவது இப்படி ஒரு வார்த்தையைக் கையில் கொடுத்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆவுடையப்பனுக்கும் ஒரு குறையும் வந்திருக்காது. இன்று அது போதாது என்று அவளிடம் சொன்னேன்.

சலோமி டம்ளரை நீட்டிக்கொண்டே, “கிழிச்சா கிழிக்கட்டும்மா. தச்சுக்கலாம்” என்றாள்.

நிரஞ்சனாவுக்கு நான்காவது டிராக்கைப் போட்டுக் காட்டினேன். கப்பல் ஊதும் இடத்தில் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். முடிந்த பிறகும் கழற்றவில்லை.

“இதை ஏன் அங்கிள் வெட்டினீங்க?”

“கப்பல் சத்தம் இடைஞ்சல்னு நினைச்சோம்.”

பிறகு அதைக் கழற்றி வைத்துவிட்டு, “ரெண்டையும் வெளியிடுறேன்” என்றாள். “பழைய கேசட் ஒண்ணு. இது ஒண்ணு, ஹால்ல கேட்டபடி. ஆனா காந்திமதி அம்மாவோட அப்பா சம்மதிக்கணும்.”

14 நவம்பர், வெள்ளி

காந்திமதி நிரஞ்சனாவுக்கு மெயில் அனுப்பியிருக்கிறார். ஒரு வரி. ‘அப்பா போடச் சொன்னார்கள்.’ எனக்கென்று எதுவும் இல்லை.

28 டிசம்பர், ஞாயிறு

பிரஷர் 140/86.

காலை ஏழு மணிக்கு வெளியாகிவிட்டது. ‘வயலின்: ஆவுடையப்பன்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாள். கீழே என் குறிப்பு. கடைசிப் பத்தியை அப்படியே வைத்திருக்கிறாள்: ‘அன்று ஆவுடையப்பன் ஒரு தவறும் இல்லாமல் வாசித்தார். மைக்கில் பேட்டரி மாற்றாதவன் நான். அதை மறைக்க அவர் மீது பழி சொன்னவனும் நான். ஞானமுத்து, ஒலிப்பதிவாளர்.’

ஷீபா பெங்களூரிலிருந்து பேசினாள். “அப்பா, நான் படிச்சேன்” என்றாள். பிறகு, “எனக்காகவா பண்ணீங்க, வேலை போயிடும்னு?” என்றாள். இல்லை, எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான் என்றேன்.

சர்ச் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. புது நம்பர்.

“ஞானமுத்து? ஆவுடையப்பன் பேசுதேன்.”

எழுந்து நின்றேன். ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

“சொல்லுங்கண்ணே.”

“நீரு எழுதுனத பாப்பா வாசிச்சுக் காட்டுனா. நூத்தி நாப்பது பேருன்னு போட்டுருக்கீரு. அவ்வளவு வராது. கடைசி ரெண்டு வரிசை காலி. நூத்தி இருவதுன்னு வச்சுக்கிடும்.”

“சரிண்ணே.”

“முன்னாடி ஒரு வெள்ளைக்காரர் உக்காந்துருந்தாரே, கப்பல் கேப்டனோ யாரோ. தூங்கிட்டே இருந்தாரு. கப்பலு ஊதுனதும் முழிச்சு எந்திரிச்சிட்டாரு. ஞாபகம் இருக்கா?”

எனக்குத் தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து முன்வரிசை தெரியாது. இல்லை என்றேன். அவர் சிரித்தார். மண்டபத்தின் பச்சை நிறச் சன்னல், இடைவேளையில் கொடுத்த சுக்குக் காப்பி, அம்மாவுக்குப் போட்ட மாலையில் இருந்த எறும்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குஞ்சரம் அம்மா போய்விட்டார், சீதாபதியும் போய்விட்டார். அந்தச் சாயங்காலத்தின் மேடைப் பக்கத்தை அறிந்தவர்கள் நாங்கள் இருவர்தான் மிச்சம். அரை மணி நேரம் பேசியிருப்போம். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வைக்கப் போகும்போது, “இன்னொண்ணு” என்றார். “ஒரு தவறும் இல்லாமன்னு எழுதிருக்கீரே, அது சரியில்ல.”

நோட்டை இழுத்துப் பேனாவை எடுத்தேன்.

“வர்ணத்துல, ரெண்டாம் காலம் எடுத்த உடனே ஒரு இடத்துல எனக்கு வில்லு வழுக்கிச்சு. அன்னைக்கே தெரியும். முழுசும் கேட்டேன், அப்படியே இருக்கு. நீரு கேட்டுப் பாரும். கேட்டுட்டு அத மாத்தி எழுதும். ஆனா அந்த இடத்த வெட்டிராதேயும்.”

“வெட்ட மாட்டேண்ணே.”

ஹெட்போனை எடுத்து மாட்டினேன். நான்காவது நிமிஷத்தில் இருக்கிறது. இத்தனை முறை கேட்டும் நான் கவனிக்காதது. வில் ஒரு நொடி நழுவி, கிறீச்சென்று ஒரு சின்னச் சத்தம், உடனே சுதாரித்துக்கொண்டு அடுத்த சுரத்தைப் பிடித்துவிடுகிறார். நிரஞ்சனாவுக்குப் போன் செய்து, குறிப்பில் ஒரு திருத்தம் இருக்கிறது, எழுதிக்கொள் என்றேன்.